அந்தக் கம்பெனிய நடத்துறது யாரு? கம்ப்யூட்டர் சென்டர்களின் கதை

இந்த எபிசோடு ஒரு போன் காலில் இருந்து தொடங்குகிறது.

சங்கரன்கோவிலில் இருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் மகள் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நேரம். போனில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. ஆறு மாதத்தில் கோடிங் கற்றுத் தருகிறோம், வேலைக்கு நாங்கள் பொறுப்பு, பணத்தை மாதத் தவணையில் கட்டினால் போதும். அக்கா சொன்னாள்: "தம்பி, அந்தக் கம்பெனிய நடத்துதவுக யாரு என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு. எனக்கு நடந்தது இவளுக்கும் நடந்துறக் கூடாதுல்லா."

அவளுக்கு என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாடிப்படி ஏறிய வருஷம்

2000-ஆம் ஆண்டு. எங்க ஊரைத் தெரியாதவர்களுக்கு: சங்கரநாராயணர் கோயில், ஆடித்தபசு, விசைத்தறி, அப்புறம் பிரியாணி. இதுதான் சங்கரன்கோவில். இப்போது தென்காசி மாவட்டம், அப்போது திருநெல்வேலி மாவட்டம். அப்பா தறி ஓட்டினார். விடிய விடிய தறிச் சத்தம் கேட்கிற தெரு எங்களுடையது. அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.

அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். ஊரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தது. ஏசி ரூம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சுவரில் கோட் போட்ட ஒருவரின் பெரிய போட்டோ. அதற்குக் கீழே அவருடைய பட்டங்கள், வெளிநாட்டில் வேலை பார்த்த விவரம். அப்பா அந்த போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பெரிய படிப்பு படிச்சவுக. ஏமாத்த மாட்டாவ" என்றார். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. ஒன்றரை வருஷ டிப்ளமோ.

பாதி பாடம்கூட முடியவில்லை. 2001 கடைசியில் ஒரு திங்கட்கிழமை அக்கா போனபோது மாடிக் கதவில் பூட்டு. கீழே ஜவுளிக்கடைக்காரர், "வாடகை பாக்கிம்மா, ராவோட ராவா எடுத்துட்டுப் போயிட்டாவ" என்று சொன்னார். அவளிடம் மிஞ்சியது ஒரு டப்பா ஃப்ளாப்பி டிஸ்க். கம்மலை மீட்க முடியவில்லை, மூழ்கிப்போனது.

அந்த சென்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இனி நான் பெயர் சொல்லிப் பேசப்போகும் எந்த நிறுவனமும் அது இல்லை. ஆனால் அப்பா செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் இந்த எபிசோடு முழுக்கப் பேசப் போகிறோம். நடத்துகிறவர் என்ன படித்தார் என்று பார்த்தார் அப்பா. அவர் எங்கிருந்து வந்தார், யார் காசில் அந்தக் கடை ஓடுகிறது என்று பார்க்கத் தெரியவில்லை. அவருக்கு அதைச் சொல்லித்தரவும் ஆள் இல்லை.

முதலில் ஒரு வாத்தியார்

இந்தியாவில் கம்ப்யூட்டர் படிப்பு ஒரு வியாபாரமாகத் தொடங்கவில்லை. 1963 ஆகஸ்டில் ஐஐடி கான்பூருக்கு ஐபிஎம் 1620 என்ற கணினி வந்து இறங்கியது. அதை வைத்துப் பாடம் நடத்தியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். பேராசிரியர் வி. ராஜாராமன், 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், எம்ஐடி, பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார்.

கான்பூரில் அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கணினியை ஐஐடி மாணவர்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வெளியில் இருந்து வரும் விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் சில நாள் பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். ராஜாராமன் எழுதிய பாடப்புத்தகங்கள் மாணவர்கள் வாங்கக்கூடிய விலைக்கு வந்தன. உங்க அப்பா, அம்மா யாராவது எண்பதுகளில் கம்ப்யூட்டர் படித்திருந்தால் அந்தப் பெயர் அச்சிட்ட ஒரு புத்தகம் வீட்டில் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்க.

இன்னொன்றும் இருக்கிறது. நாட்டுக்கு எவ்வளவு கம்ப்யூட்டர் ஆட்கள் தேவை என்று ஆராய 1980-களின் தொடக்கத்தில் அவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரையில் வந்ததுதான் எம்சிஏ. இன்ஜினியரிங் சீட் கிடைக்காத, பிஎஸ்சி, பிகாம் படித்த ஆயிரக்கணக்கான பேர் மென்பொருள் வேலைக்குள் நுழைந்த கதவு அது. ஒரு வாத்தியார் தலைமையில் உட்கார்ந்தால் அவர் முதலில் யோசிப்பது, இன்னும் யாரை உள்ளே விடலாம் என்பதைத்தான்.

ஆனால் கல்லூரிகளின் வேகம் போதவில்லை. அந்த இடைவெளியில்தான் கம்பெனிகள் வந்தன.

டெல்லியில் இருந்து ஒரு கடைச் சங்கிலி

ஐபிஎம் 1970-களின் கடைசியில் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதற்குள் 1976-இல் எச்சிஎல் தொடங்கியாகிவிட்டது. அதன் முகம் ஷிவ் நாடார், நம்ம திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழி கிராமத்துக்காரர், கோவை பிஎஸ்ஜி கல்லூரியில் படித்தவர். இந்தியாவிலேயே செய்த கணினிகள் விற்பனைக்கு வந்தன. பெட்டியை விற்றாயிற்று. அதை இயக்க ஆள் எங்கே?

இந்தக் கேள்விக்குப் பதிலாக 1981-இல் பிறந்தது என்ஐஐடி. ராஜேந்திர பவார், விஜய் தடானி, பி. ராஜேந்திரன். ஐஐடி டெல்லிக் கூட்டாளிகள். எச்சிஎல்லுக்கும் அதில் ஆரம்ப காலத்தில் பங்கு இருந்தது. அவர்கள் கம்ப்யூட்டர் தொழிலுக்கு உள்ளே இருந்து, சந்தையில் எதற்குத் தட்டுப்பாடு என்று கண்ணால் பார்த்து வந்தவர்கள். அதனால் அவர்கள் கட்டியது கல்லூரி போல இல்லை. ஒரே பாடத்திட்டம், ஒரே போர்டு, ஊருக்கு ஊர் உரிமம் வாங்கி நடத்தும் கிளைகள். துணிக்கடை, ஓட்டல் நடத்துகிற அதே முறை.

இதில் நல்லதும் இருக்கிறது. கல்லூரி போகாத ஊருக்கு இந்த போர்டு போனது. தொண்ணூறுகளின் இறுதியில் விஸ்வநாதன் ஆனந்தின் முகம் என்ஐஐடி விளம்பரங்களில் வந்ததை இன்றைக்கு நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் படித்தால் ஆனந்த் மாதிரி ஆகலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நம்பிக்கை.

சிக்கல் எங்கே என்றால், கிளை முறையில் மேலே உட்கார்ந்திருக்கிற ஐஐடிக்காரருக்கும் உங்களுக்குப் பாடம் எடுக்கிறவருக்கும் சம்பந்தமே இருக்காது. மேலே ஒரு தலைமை. நடுவில் உரிமம் வாங்கிய உள்ளூர் முதலாளி, அவருக்கு வாடகை, கரண்ட் பில், உரிமக் கட்டணம். கீழே, போன வருஷம் அதே கோர்ஸை முடித்துவிட்டு இந்த வருஷம் வாத்தியாராக நிற்கிற ஒரு பையன். சின்ன ஊரில் படிக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது இந்த மூன்றாவது ஆள். எங்க ஊர் சென்டரும் இதே வடிவத்தைக் காப்பியடித்த ஒன்றுதான். சுவரில் இருந்த போட்டோக்காரர் ஒருநாள்கூட அந்த மாடிப்படி ஏறியதில்லை.

'பிகில்' எடுத்தவர்களின் பழைய தொழில்

இப்போது சென்னைக்கு வருவோம். 'தனி ஒருவன்', 'பிகில்', 'லவ் டுடே', 'கோட்' இந்தப் படங்களை எல்லாம் தயாரித்தது யார்? ஏஜிஎஸ். அந்த ஏ, ஜி, எஸ் மூன்றும் மூன்று சகோதரர்கள்: கல்பாத்தி எஸ். அகோரம், கணேஷ், சுரேஷ். சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

எஸ்எஸ்ஐ. 1991-இல் தொடங்கிய சென்னை நிறுவனம். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் ஜாவா, சி பிளஸ் பிளஸ் என்றால் எஸ்எஸ்ஐ போர்டு கண்ணில் படாமல் இருக்காது. அது வேற காலம். 1997-இல் தமிழக அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கை கொண்டுவந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். ஒய்2கே பயத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் ஆள் ஆளாக எடுத்துக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் பயிற்சி நிறுவனங்களின் பங்குகள் சந்தையில் பறந்தன. எஸ்எஸ்ஐ பங்கும் பறந்தது.

2000 மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக் உச்சம் தொட்டு விழத் தொடங்கியது. அடுத்த வருஷம் செப்டம்பர் 11. வேலை நின்றது, வேலைக்காகப் படிக்கிற கூட்டம் நின்றது, பங்குகள் சரிந்தன. சங்கரன்கோவில் ஜவுளிக்கடை மாடியில் 2001-இல் ஏன் பூட்டு விழுந்தது என்பது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அக்காவுக்கு ராசி இல்லை என்றுதான் பேசிக்கொண்டார்கள். இருபது வருஷம் கழித்து இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நியூயார்க்கில் விழுந்த ஒன்று எங்கள் அம்மாவின் கம்மலில் வந்து இடித்திருக்கிறது.

கல்பாத்தி சகோதரர்கள் பிறகு என்ன ஆனார்கள்? மும்பையில் அதுல் நிஷார் 1986-இல் தொடங்கிய ஆப்டெக்கின் நிர்வாகம் சில காலம் அவர்கள் கைக்கு வந்தது. 2005-இல் அது பங்குச்சந்தைப் புள்ளி ராகேஷ் ஜுன்ஜுன்வாலா கைக்குப் போனது. எஸ்எஸ்ஐ என்ற நிறுவனமும் கைமாறி, பெயர் மாறி, பிவிபி வென்ச்சர்ஸ் ஆனது. சகோதரர்கள் 2006 வாக்கில் சினிமாவுக்கு வந்தார்கள். கதை அங்கேயும் முடியவில்லை. 2018-இல் வெராண்டா லேர்னிங் என்று மறுபடியும் கல்வித் தொழில். 2022-இல் அது பங்குச்சந்தைக்கு வந்தது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. முதலீட்டாளர் மனசு அப்படித்தான் வேலை செய்யும். ஒரு துறை சரிந்தால் இன்னொன்று, நேரம் வரும்போது பழைய துறைக்கே திரும்பலாம். ஆனால் கவனியுங்கள், அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு இருந்தது, மூன்றாவதும் இருந்தது. பாதி டிப்ளமோவோடு நின்ற பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்புக்கு அடகு வைக்க இன்னொரு கம்மல் இல்லை.

பக்கத்து ஊரில் ஒரு தலைகீழ் கணக்கு

சங்கரன்கோவிலில் ரயில் ஏறினால் பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் தாண்டித் தென்காசி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மத்தளம்பாறை. இந்த ஊர்ப் பெயர் இப்போது உலகத்துக்கே தெரியும், ஸோஹோவால்.

ஸ்ரீதர் வேம்புவின் பின்னணி பலருக்குத் தெரிந்ததுதான். தமிழ்வழிப் பள்ளி, 1989-இல் ஐஐடி மெட்ராஸ் பட்டம், பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம், குவால்காமில் வேலை. 1996-இல் சகோதரர்களோடும் நண்பர்களோடும் தொடங்கிய நிறுவனம்தான் பின்னால் ஸோஹோ ஆனது. அவர்கள் கவனித்த ஒரு விஷயத்தை அவரே பொதுவில் எழுதியிருக்கிறார்: எந்தக் கல்லூரி, எத்தனை மார்க் என்பதற்கும், வேலையில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. அப்படியென்றால் கல்லூரிக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? 2005 வாக்கில் ஆறு மாணவர்களோடு ஒரு வகுப்பு தொடங்கியது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்கள். இன்று ஸோஹோ ஸ்கூல்ஸ் என்று பெயர், தென்காசிப் பக்கமும் நடக்கிறது.

இங்கே கணக்கு தலைகீழ். மாணவர் கட்டணம் கட்டுவதில்லை. நிறுவனம் மாணவருக்கு உதவித்தொகை தருகிறது. ஏன்? அந்தப் பிள்ளை நாளைக்கு அவர்களுடைய மென்பொருளைத்தான் எழுதப்போகிறது. பாடம் சரியில்லை என்றால் நஷ்டம் முதலில் நிறுவனத்துக்கு. 2000-இல் எங்க ஊர் சென்டரில் பாடம் சரியில்லை என்றால் நஷ்டம் முழுக்க எங்களுக்கு. என்னைக் கேட்டால், இந்த ஒரு வித்தியாசம் எந்தப் பட்டத்தையும் விடப் பெரியது.

கேள்விகளும் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. அங்கே இடம் கொஞ்சம்தான், தேர்வு எழுதித் தேற வேண்டும். முடிக்கும்போது கையில் பல்கலைக்கழகப் பட்டம் இருக்காது. நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போகவோ, அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவோ அது குறுக்கே நிற்கலாம். அப்புறம், பட்டம் முக்கியமில்லை என்று நமக்குச் சொல்கிறவரிடம் பிரின்ஸ்டன் பட்டம் இருக்கிறது. அவருக்கு அது ஒரு விருப்பம். தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பெண்ணுக்கு அது சில நேரம் ஒரே பாதுகாப்பு. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

இதே காலத்தில் சென்னையில் இன்னொரு முயற்சி, குவி. 2014-இல் அருண் பிரகாஷ், பாலமுருகன், ஸ்ரீதேவி என்ற மூவர் தொடங்கியது. மென்பொருள் வேலையில் இருந்து வந்தவர்கள், ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் வளர்ந்த நிறுவனம். தமிழில் சொன்னால் கோடிங் புரியும் என்பதுதான் அவர்கள் பிடித்த நூல். ஆங்கிலத்துக்குப் பயந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த யாருக்கும் அதன் அருமை தெரியும். 2022-இல் அதன் பெரும்பங்கை வாங்கியது யார் தெரியுமா? எச்சிஎல். நாற்பது வருஷம் சுற்றி வந்து கதை அதே வாசலில் நிற்கிறது.

விளம்பரத்தில் இருந்து வந்தவர்

ஒரு எதிர் உதாரணம் சொல்லாவிட்டால் இந்த எபிசோடு முழுமையாகாது. கொரோனா நேரம், 2020. குழந்தைகளுக்குக் கோடிங் என்று வைட்ஹேட் ஜூனியர் விளம்பரம் வந்ததே, நினைவிருக்கா? நிறுவனர் கரண் பஜாஜ். இன்ஜினியரிங், ஐஐஎம் பெங்களூரு. ஆனால் பல வருஷம் இருந்தது நுகர்பொருள் விற்பனையிலும், டிஸ்கவரி சேனலின் இந்தியத் தலைமையிலும். 2018-இல் தொடங்கி 2020 ஆகஸ்டில் 30 கோடி டாலருக்கு பைஜூஸுக்கு விற்றார். அதே ஆண்டு, ஐந்து விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி விளம்பரத் தர அமைப்பு கேட்டுக்கொண்டது. வாங்கிய பைஜூஸ் 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

விளம்பரம் தெரிந்தவர் நல்ல பள்ளி நடத்த முடியாது என்பதில்லை. ஆனால் ஒருவர் எந்தத் தொழிலில் கை பழகினாரோ அந்தக் கைதான் புதுத் தொழிலிலும் முன்னால் நீளும். வாத்தியாரின் கை புத்தக விலையைக் குறைத்தது. பெட்டி விற்றவர்களின் கை கிளை திறந்தது. முதலீட்டாளரின் கை அடுத்த துறையைத் தேடியது. மென்பொருள் செய்தவரின் கை வேலைக்கு ஆள் வளர்த்தது.

அக்கா மகளுக்குச் சொன்னது

அந்தக் கோடிங் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நிறுவனர்களின் படிப்பெல்லாம் பிரமாதம். போட்டோக்களும் அழகு. பாடம் எடுக்கிறவர்கள் யார் என்று ஒரு வரி இல்லை.

அக்கா மகளுக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினேன். உனக்குப் பாடம் எடுக்கப்போகிறவர் பெயர் என்ன, அவரோடு பத்து நிமிஷம் பேச முடியுமா? நடுவில் கம்பெனி மூடினால் மீதிப் பணம் என்ன ஆகும்? அந்தத் தவணை என்பது கட்டணமா, இல்லை ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் கடனா, யார் பெயரில்?

கூடவே இதையும் சொன்னேன்: என்பிடெல்லில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு போதும். கல்லூரி சேர்ந்தபின் அரசின் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. தென்காசி பக்கத்திலேயே ஸோஹோ தேர்வு இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்.

ரெண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "மாமா, மூணாவது கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னாங்க. கடனாம். அம்மா பேர்லயாம். நான் வேண்டாம்னுட்டேன்."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. அவள் இப்போது ஊரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறாள். பாதி டிப்ளமோவில் கற்ற தமிழ் டைப்பிங்தான் இன்றைக்கும் அவளுக்குச் சோறு போடுகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். "அப்பா அன்னிக்கு இதைக் கேட்டிருக்கலாம்லா?" என்றாள். நான், "கேக்கலாம்னே அவருக்கு யாரும் சொல்லலையேக்கா" என்றேன்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு பாதி டிப்ளமோ, ஒரு ஃப்ளாப்பி டப்பா இருக்கலாம். இருந்தால் எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில், நம்ம ஊர்களின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் கதையைப் பேசலாம். அதுவரை, வணக்கம்.